கல்பபிள்: குற்றத்தின் அளவைச் சொல்லும் சொல்

கல்பபிள் என்பது 'பழிக்கு உரிய', 'குற்றம் சாரத்தக்க' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல். லத்தீனில் தவறு, பிழை, பழி ஆகிய மூன்றையும் குறித்த 'குல்பா'விலிருந்து பிறந்து, பழைய பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தது. பொதுப் பேச்சில் அதிகம் புழங்காத சொல் இது. ஆனால் இந்தியாவில் செய்தித்தாள் படிக்கும் யாருக்கும் இதன் துணைச்சொல்லோடு சேர்த்துத் தெரியும்: கல்பபிள் ஹோமிசைட். தமிழ் நாளிதழ்களில் 'கொலைக்குற்றம் ஆகாத மரணம் விளைவித்தல்' என்று வருவது இந்தத் தொடரிலிருந்து கிளைத்ததுதான். அந்தத் தமிழாக்கம் சொல்லின் ஒரு பாதியை மட்டுமே தருகிறது. மறுபாதி எங்கே போனது என்பது இதன் வரலாற்றைப் பார்த்தால் புரியும்.

ஆங்கிலத்தில் குற்றத்தைச் சுட்டும் சொற்களில் 'கில்ட்டி' முதன்மையானது. அது தீர்ப்பின் சொல். ஒருவர் கில்ட்டி, அல்லது கில்ட்டி இல்லை. இடையில் எதுவும் இல்லை. 'கல்பபிள்' அப்படியல்ல. இவர் அவரைவிடக் கூடுதலாகக் கல்பபிள் என்று சொல்லலாம். சிறுவன் என்பதால், மிரட்டப்பட்டான் என்பதால், ஆத்திரத்தில் செய்தான் என்பதால் அவனது கல்பபிலிட்டி குறைவு என்றும் சொல்லலாம். ஆக, செயலைச் செய்தது யார் என்பதோடு, செய்தவர் மீது எவ்வளவு பழி ஏறும் என்பதையும் கேட்கும் சொல் இது. இரண்டாயிரம் ஆண்டுகளாகச் சட்டம் இதைக் கையில் வைத்துக்கொண்டிருப்பதற்கு அந்த 'எவ்வளவு'தான் காரணம்.

உரோமைச் சட்டத்தில் குல்பா ஒரு தனிக் கருத்தாக வளர்ந்தது, பிறருடைய உடைமைக்கு நேரும் சேதத்தைப் பற்றிய அக்விலியச் சட்டத்தை ஒட்டி. பொ.ஆ.மு. 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தச் சட்டத்துக்கு உரோமைச் சட்ட அறிஞர்கள் பல நூற்றாண்டுகள் விளக்கம் எழுதினார்கள். ஜஸ்டினியன் பேரரசர் 533இல் வெளியிட்ட டைஜஸ்ட் தொகுப்பில் அந்த விளக்கங்கள் பல இன்றும் கிடைக்கின்றன. அவற்றில் நாவிதர் வழக்கு ஒன்று புகழ்பெற்றது. சிலர் பந்து விளையாடுகிறார்கள். அருகில் ஒரு நாவிதர் நாற்காலி போட்டு ஓர் அடிமைக்குச் சவரம் செய்துகொண்டிருக்கிறார். பலமாக அடிக்கப்பட்ட பந்து நாவிதரின் கையில் பட, கத்தி அடிமையின் கழுத்தை அறுத்துவிடுகிறது. குல்பா யாருடையது? பந்தை அடித்தவருடையதா, கத்தி பிடித்தவருடையதா? வழக்கமாக விளையாட்டு நடக்கும் இடத்திலோ ஆள் நடமாட்டம் மிகுந்த இடத்திலோ கடை விரித்திருந்தால் நாவிதர் மீதுதான் என்பது புரோகுலுஸ் என்ற சட்ட அறிஞரின் கருத்து. ஆபத்தான இடத்தில் உட்கார்ந்திருக்கும் நாவிதரிடம் தெரிந்தே தலையைக் கொடுத்தவர் தன்னைத்தான் நொந்துகொள்ள வேண்டும் என்ற எதிர்க்கருத்தும் அங்கேயே பதிவாகியிருக்கிறது.

இந்தச் சிறு வழக்கில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஆனாலும் ஓர் உயிர் போயிருக்கிறது, யாரோ ஒருவர் கவனமாக இருந்திருக்க வேண்டும். உரோமர்கள் வேண்டுமென்றே செய்யும் தீமையை 'டோலுஸ்' என்றும், கவனக்குறைவால் நேரும் பிழையைக் 'குல்பா' என்றும் பிரித்தார்கள். இந்தப் பிரிவினையை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. பின்னாளில் ஒரே வேரிலிருந்து பிறந்த சொற்கள் நாட்டுக்கு நாடு எதிரெதிராகத் திரும்பியதற்கு இதுதான் தொடக்கம்.

சட்டத்தில் பிழையாக இருந்த குல்பா, கிறித்தவ வழிபாட்டில் பாவமாயிற்று. கத்தோலிக்கத் திருப்பலியின் தொடக்கத்தில் வரும் பாவ அறிக்கையில் 'மெயா குல்பா' என்று மார்பில் தட்டிக்கொண்டு சொல்வது நெடுங்கால மரபு. தமிழ்த் திருப்பலியில் அந்த இடத்தில் 'பாவம்' என்ற சொல்லே நிற்கிறது. இன்றைய ஆங்கிலத்தில் 'மெயா குல்பா' கோயிலை விட்டு வெளியே வந்து, அரசியல்வாதியும் நிறுவனத் தலைவரும் 'தவறு என்னுடையதுதான்' என்று ஒப்புக்கொள்ளும் அறிக்கைக்குப் பெயராகிவிட்டது.

இங்கிலாந்து நீதிமன்றங்களில் இந்தச் சொல்லுக்கு விசித்திரமான ஒரு பிள்ளை பிறந்தது. அங்கே நார்மானியர் ஆட்சிக்குப் பின் நூற்றாண்டுக் கணக்கில் வழங்கிய நீதிமன்ற மொழி பிரெஞ்சும் ஆங்கிலமும் கலந்த 'சட்டப் பிரெஞ்சு'. குற்றம் சாட்டப்பட்டவர் 'நான் குற்றவாளி அல்ல' என்று சொன்னதும், அரசுத் தரப்பு எழுத்தர் 'குற்றவாளிதான், அதை மெய்ப்பிக்கத் தயாராக இருக்கிறோம்' என்ற பொருளில் பிரெஞ்சில் மறுமொழி தர வேண்டும். பதிவேட்டில் அதை முழுதாக எழுதாமல் 'கல்' என்றும் 'பிரிட்' என்றும் சுருக்கி எழுதினார்கள். மொழி மறந்துபோன பிறகும் சுருக்கம் மட்டும் ஏட்டில் தங்கிவிட்டது. பின்னால் வந்த எழுத்தர்கள் இரண்டையும் சேர்த்துப் படித்து, எதிரே நிற்கும் ஆளைக் கூப்பிடும் சொல் என்று எடுத்துக்கொண்டார்கள். 'கல்ப்ரிட்' பிறந்த கதை இதுதான் என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். சட்ட அறிஞர் பிளாக்ஸ்டன் தமது ஆங்கிலச் சட்ட விளக்க நூலின் 1769ஆம் ஆண்டுப் பகுதியில் இந்தச் சுருக்கத்தை எடுத்து விளக்கியிருக்கிறார்.

கல்ப்ரிட் என்று ஒருவர் விளிக்கப்பட்டதற்குக் கிடைக்கும் முதல் பதிவு 1678ஆம் ஆண்டைச் சேர்ந்தது. விளிக்கப்பட்டவர் சாதாரண ஆள் இல்லை. ஏழாம் பெம்புரோக் பிரபு பிலிப் ஹெர்பர்ட் லண்டன் மதுக்கடை ஒன்றில் நத்தானியேல் கோனி என்பவரை அடித்து வீழ்த்தி மிதித்தார். கோனி சில நாட்களில் இறந்தார். கொலைக் குற்றச்சாட்டின் பேரில் பிரபுக்கள் அவை விசாரித்தது. அவையோர் பெரும்பான்மையாக எடுத்த முடிவு, இது கொலை அல்ல, கொலைக்குக் கீழ்ப்பட்ட 'மேன்ஸ்லாட்டர்' என்பது. அந்தக் குற்றத்தை முதல் தடவை செய்யும் பிரபுவுக்குத் தண்டனையிலிருந்து விலக்குத் தரும் சலுகை அப்போது இருந்தது. பெம்புரோக் அதைக் கோரினார். கட்டணத்தைக் கட்டிவிட்டு வெளியே போனார். குற்றத்தைத் தரம் பிரிக்கும் ஏற்பாடு, வசதி இல்லாதவனைக் காப்பதற்குப் பதிலாக வசதி இருப்பவனைக் காத்த சம்பவங்கள் சட்ட வரலாற்றில் ஏராளம். இந்தச் சொல்லின் முதல் பதிவிலேயே அப்படி ஒன்று அமைந்துவிட்டது. கல்ப்ரிட் என்றால் முதலில் 'குற்றம் சாட்டப்பட்டவர்' மட்டுமே. 'குற்றம் செய்தவர்' என்ற இன்றைய பொருள் 18ஆம் நூற்றாண்டில்தான் அதில் ஏறியது.

கல்பபிள் ஹோமிசைட் என்ற தொடர் ஸ்காட்லாந்துச் சட்டத்தில் முன்பே இருந்தது. கொலை என்ற அளவுக்குப் போகாத, ஆனால் பழிக்கு உரிய உயிர்ப்பலியை அங்கே அப்படி அழைத்தார்கள், இன்றும் அழைக்கிறார்கள். இந்தியாவில் அது வேறு உருவம் எடுத்தது.

தாமஸ் பாபிங்டன் மெக்காலே 1834 ஜூனில் சென்னையில் கப்பலிறங்கினார். கவர்னர் ஜெனரல் பெண்டிங் பிரபு அப்போது உதகமண்டலத்தில் தங்கியிருந்ததால், மெக்காலேயும் பல்லக்கில் மலையேறிச் சில வாரங்கள் அங்கே இருந்தார். இந்தியத் தண்டனைச் சட்டம் ஊட்டியில் எழுதப்பட்டது என்று இன்றும் சிலர் சொல்வது இதை வைத்துத்தான். அது சரியல்ல. மெக்காலே தலைமையிலான சட்ட ஆணையம் 1835இல் கல்கத்தாவில்தான் வேலையைத் தொடங்கியது. சென்னை மாகாணத்திலிருந்து ஜான் மக்ஃபெர்சன் மக்லியோட், பம்பாயிலிருந்து ஜார்ஜ் வில்லியம் ஆண்டர்சன் ஆகியோர் அதில் உறுப்பினர்கள். வரைவு 1837 அக்டோபரில் அரசிடம் தரப்பட்டது. பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் கிடப்பில் கிடந்து, சட்ட அறிஞர் பார்ன்ஸ் பீக்காக்கின் கையில் திருத்தம் பெற்று, 1860 அக்டோபர் 6 அன்று சட்டமாகி, 1862 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

இங்கிலாந்தில் கொலைக்கு இலக்கணம் சொன்னவர்கள் 'முன்கூட்டிய வன்மம்' என்ற குழப்பமான தொடரைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். மெக்காலே அதை விட்டொழித்தார். சாவை விளைவிக்கும் எண்ணம், சாவு நேரலாம் என்ற அறிவு ஆகிய இரண்டை அடிப்படையாக வைத்து ஒரு பெருங்குற்றத்தை வரையறுத்து, அதற்கு 'கல்பபிள் ஹோமிசைட்' என்ற பெயரை வைத்தார். கொலை அதற்குள் அடங்கும் ஒரு வகை. 1860 சட்டத்தின் 299ஆம் பிரிவு இதன் வழியில் வந்ததுதான். சாகடிக்கும் எண்ணத்தோடு செய்தது, சாவு விளைவிக்கக்கூடிய காயத்தை ஏற்படுத்தும் எண்ணத்தோடு செய்தது, சாவு நேரக்கூடும் என்று தெரிந்தே செய்தது என்ற மூன்றில் எதன் கீழ் உயிர் போனாலும் அது கல்பபிள் ஹோமிசைட். 300ஆம் பிரிவு இவற்றில் எவையெவை கொலை என்று சொல்லி, கடும் ஆத்திரமூட்டல், எல்லை மீறிய தற்காப்பு, திடீர்ச் சண்டை முதலிய ஐந்து விதிவிலக்குகளையும் தந்தது.

பிரிவுக்குக் கீழே எடுத்துக்காட்டு சேர்ப்பது மெக்காலே வரைவின் தனிச்சிறப்பு. 299க்குக் கீழே உள்ளவை சிறுகதைகளுக்குரிய சுருக்கத்தோடு இருக்கும். ஒருவன் குழியின் மேல் குச்சியும் புல்தரையும் பரப்பிவைக்கிறான், யாராவது விழுந்து சாகட்டும் என்று. கெட்டியான நிலம் என்று நம்பி மிதித்தவன் விழுந்து சாகிறான். இது கல்பபிள் ஹோமிசைட். இன்னொருவன் கோழியைச் சுட்டுத் திருடிக்கொண்டு போகலாம் என்று சுடுகிறான். புதருக்குப் பின்னால் ஆள் இருப்பது அவனுக்குத் தெரியாது. குண்டு பட்டு அந்த ஆள் சாகிறான். கோழி திருடப் போனவன் யோக்கியன் அல்ல. ஆனாலும் இது கல்பபிள் ஹோமிசைட் அல்ல, ஏனென்றால் அவன் மனத்தில் சாவைப் பற்றிய எண்ணமும் இல்லை, அறிவும் இல்லை. ஆள் கெட்டவன் என்பதற்காக நடந்த சாவை அவன் தலையில் கட்டக் கூடாது என்ற அந்தக் கண்டிப்பு இந்தச் சட்டத்தின் மிக நல்ல குணங்களில் ஒன்று.

தமிழ் வாசகருக்கு ஏற்படும் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. 'கல்பபிள் ஹோமிசைட்' என்பது கொலைக்குக் கீழே உள்ள லேசான குற்றத்தின் பெயர் என்றே பலரும் நினைக்கிறார்கள். சட்டத்தின் கண்ணில் கொலையும் கல்பபிள் ஹோமிசைட்தான். 'கொலை ஆகாத' என்ற அடைமொழி சேர்ந்தபோதுதான் அது 1860 சட்டத்தின் 304ஆம் பிரிவுக்குப் போனது. ஆந்திரப் பிரதேசத்திலிருந்து வந்த புன்னய்யா வழக்கில் 1976இல் தீர்ப்பளித்த நீதிபதி சர்க்காரியா இதை இனம், வகை என்று பிரித்து விளக்கினார்: இனம் கல்பபிள் ஹோமிசைட், வகை கொலை. பழியின் கனத்தை வைத்து மூன்று படிகளையும் அவர் காட்டினார். மேல்படியில் கொலை, நடுவில் 304இன் முதல் பகுதி, கீழே, எண்ணம் இல்லாமல் அறிவு மட்டும் இருந்த 304இன் இரண்டாம் பகுதி. காவல் நிலையங்களில் 'த்ரீ நாட் டூ', 'த்ரீ நாட் ஃபோர் பார்ட் டூ' என்று வழங்கியவை இந்தப் படிகளே. அடிபட்டவர் ஆஸ்பத்திரியில் இறந்ததும் 'செக்‌ஷனை மாத்தியாச்சு' என்று சொல்வதும் வழக்கு இந்தப் படிகளுக்குள் வந்து சேர்வதைத்தான்.

படிகளைப் பிரிப்பது எளிதாக இல்லை. இந்தியாவில் சட்ட உறுப்பினராக இருந்த ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன், இந்தத் தண்டனைச் சட்டத்தைப் பெரிதும் போற்றியவர். அவரே 1883இல் எழுதிய குற்றவியல் வரலாற்றில், கல்பபிள் ஹோமிசைடுக்கும் கொலைக்கும் தரப்பட்ட இலக்கணம்தான் அதன் ஆகப் பலவீனமான பகுதி என்று எழுதினார். அதற்கு முன்பே, 1876இல், பம்பாய் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி மெல்வில் கோவிந்தா வழக்கைத் தீர்க்க இரண்டு பிரிவுகளையும் பக்கம் பக்கமாக எழுதி வரிக்கு வரி ஒப்பிட வேண்டியிருந்தது. பதினெட்டு வயதுக் கணவன் பதினைந்து வயது மனைவியைக் கீழே தள்ளி, மார்பில் முழங்காலை ஊன்றி, முகத்தில் முஷ்டியால் இரண்டு மூன்று முறை குத்தியிருந்தான். மூளையில் இரத்தம் கசிந்து அவள் இறந்தாள். சாகடிக்கும் எண்ணம் இல்லை, அந்தக் காயம் இயல்பான போக்கில் சாவை விளைவிக்கப் போதுமானதும் அல்ல என்று சொல்லி அதைக் கொலை ஆகாத கல்பபிள் ஹோமிசைடாகத் தீர்த்தார் மெல்வில். சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றும் முதலில் படிப்பது இந்த ஒப்பீட்டைத்தான். அந்தப் பதினைந்து வயதுப் பெண்ணின் நிலையைப் பற்றி யாரும் நின்று பேசுவதில்லை.

இந்தச் சொல்லுக்குக் கூர்மை ஏற்றியதில் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் பெரும் பங்கு உண்டு. மூன்று வழக்குகளைச் சொல்ல வேண்டும்.

முதலாவது 1912ஆம் ஆண்டு முஷ்னூரு சூரியநாராயண மூர்த்தி வழக்கு. ஒருவரின் உயிருக்குக் காப்பீடு எடுத்துவிட்டு, அந்தத் தொகைக்காக அவரைத் தீர்த்துக்கட்ட நினைத்தவன் விஷம் கலந்த அல்வாவைக் கொடுத்தான். வாங்கியவர் கொஞ்சம் தின்றுவிட்டு மீதியைப் போட்டுவிட்டார். அந்த வீட்டுச் சிறுமி, எட்டு ஒன்பது வயதுப் பிள்ளை, அதை எடுத்துத் தின்றாள். குறிவைக்கப்பட்டவர் பிழைத்துக்கொண்டார். சிறுமி இறந்துபோனாள். அவளைக் கொல்ல அவன் நினைக்கவே இல்லை; அவன் கையால் கொடுக்கவும் இல்லை. செஷன்ஸ் நீதிமன்றம் சிறுமியின் சாவு தொடர்பான கொலைக் குற்றச்சாட்டிலிருந்து அவனை விடுவித்தது. அரசு மேல்முறையீடு செய்தபோது உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் இரண்டுபட்டார்கள். கொலைதான் என்றார் பென்சன்; இல்லை என்றார் சுந்தரய்யர். மூன்றாவதாகக் கேட்ட அப்துர் ரஹீம் பென்சன் பக்கம் நின்றார். 299ஆம் பிரிவு 'ஒரு சாவை' விளைவிக்கும் எண்ணத்தைத்தான் கேட்கிறது, இன்னாருடைய சாவு என்று கேட்கவில்லை என்பது அதன் சாரம். குழி தோண்டியவன் எடுத்துக்காட்டு இங்கே கைகொடுத்தது.

இரண்டாவது 1919ஆம் ஆண்டு பழனி கவுண்டன் வழக்கு. மனைவியின் தலையில் கொழுவால் அடித்தான் கணவன். அவள் மூர்ச்சையானாள். செத்துவிட்டாள் என்று நம்பி, தற்கொலை என்று காட்டுவதற்காக உத்தரத்தில் கயிறு கட்டித் தூக்கில் தொங்கவிட்டான். பிரேதப் பரிசோதனையில் தெரிந்தது, அவள் இறந்தது அடியால் அல்ல, கழுத்து இறுகி. அடித்தபோது கொல்லும் எண்ணம் இருந்ததாக நிறுவப்படவில்லை. தொங்கவிட்டபோது அவன் கையில் இருந்தது அவனளவில் ஒரு பிணம். பிணத்தைக் கொல்லும் எண்ணம் யாருக்கும் இருக்க முடியாது. முழு அமர்வு இந்தத் தர்க்கத்தை இறுதிவரை கொண்டுபோயிற்று. கொலையும் அல்ல, கல்பபிள் ஹோமிசைடும் அல்ல, கொடுங்காயக் குற்றம் மட்டுமே என்று தீர்த்தது. அவள் சாவுக்குக் காரணம் அவன்தான் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அந்தச் சாவின் பழி மட்டும் சட்டப்படி அவனைச் சாரவில்லை.

இந்தத் தீர்ப்பு பலரை உறுத்தியது. உறுத்தத்தான் வேண்டும். மூன்றாவதாக, 1943இல் தவமணி வழக்கில் அதே உயர் நீதிமன்றத்துக்கு ஏறக்குறைய இதே நிலைமை வந்தது: ஒரு பெண்ணை அடித்து, இறந்துவிட்டாள் என்று நினைத்து, உடலைக் கிணற்றில் போட்டார்கள். ஆனால் இங்கே அடிக்கும்போதே கொல்லும் எண்ணம் இருந்தது. அடித்ததும் கிணற்றில் போட்டதும் ஒரே திட்டத்தின் தொடர்ச்சி என்று கொண்டு, கொலை என்று நீதிமன்றம் தீர்த்தது. இரண்டு வழக்குக்கும் நடுவில் உள்ள வேறுபாடு முதல் அடி விழுந்த கணத்தில் அடித்தவனின் மனத்தில் என்ன இருந்தது என்பது மட்டும்தான்.

மனத்தில் என்ன இருந்தது என்பதை யார் பார்த்தார்கள்? இந்தக் கேள்விக்கு 1958இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி விவியன் போஸ் தந்த விடை இன்றும் நிற்கிறது. பஞ்சாபைச் சேர்ந்த விர்சா சிங் ஈட்டியால் ஒரே ஒரு குத்துக் குத்தினார். வயிற்றைக் கிழித்துக் குடல் வெளியே வந்தது; 21 மணி நேரத்தில் குத்துப்பட்டவர் இறந்தார். கொல்ல நினைக்கவில்லை என்பது வாதம். கொல்ல நினைத்தாரா என்பது கேள்வியே அல்ல என்றார் போஸ். அந்தக் காயத்தைத்தான் ஏற்படுத்த நினைத்தாரா, தற்செயலாகப் பட்டதா என்று பாருங்கள். நினைத்தே ஏற்படுத்தியது என்றால், இயல்பான போக்கில் சாவுக்குப் போதுமான காயமா என்பதை மருத்துவச் சான்று சொல்லட்டும் என்றார். மரண தண்டனையோ ஆயுளோ தொங்கும் வழக்குகளில் ஆயிரம் தடவை எடுத்தாளப்பட்ட வாதம் இது.

ஆத்திரமூட்டல் விதிவிலக்கை நாடெங்கும் பேசவைத்தது கடற்படைத் தளபதி நானாவதி வழக்கு. மனைவியின் காதலர் பிரேம் அஹுஜாவை அவர் 1959 ஏப்ரல் 27 அன்று சுட்டுக்கொன்றார். ஜூரிகள் எட்டுக்கு ஒன்று என்று விடுதலை செய்ய, பம்பாய் உயர் நீதிமன்றம் அதை மாற்றிக் கொலை என்றது. மனைவி உண்மையைச் சொன்னதற்கும் துப்பாக்கி வெடித்ததற்கும் நடுவே ஏறக்குறைய மூன்று மணி நேரம் இருந்தது, அதற்குள் ஆத்திரம் அடங்கியிருக்கும் என்று 1961இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

இதுவரை பேசியது எண்ணமும் அறிவும். உரோமையில் குல்பா என்ற பெயர் பெற்றிருந்த கவனக்குறைவால் நேரும் சாவுக்கு 1860 சட்டத்தில் தனி இடமே இல்லாமல் போயிற்று. மெக்காலே வரைவில் இருந்த பிரிவு இறுதி வடிவத்தில் விடுபட்டிருந்தது. 1870இல் 304ஏ பிரிவைச் சேர்த்து அதைச் சரிசெய்தார்கள்: கல்பபிள் ஹோமிசைட் ஆகாத, அசட்டையான அல்லது கவனமற்ற செயலால் மரணம் விளைவித்தால் இரண்டாண்டு வரை சிறை. பஸ் விபத்து, லாரி விபத்து, மருத்துவப் பிழை, இடிந்த கட்டடம், தீப்பிடித்த அரங்கம் எல்லாம் 150 ஆண்டுகளுக்கும் மேலாக இந்த இரண்டாண்டுப் பிரிவுக்குள்தான் வந்து விழுந்தன. டெல்லி உபஹார் திரையரங்கில் 1997 ஜூன் 13 அன்று 59 பேர் மூச்சுத் திணறி இறந்த வழக்கில் அரங்க உரிமையாளர்கள் தண்டிக்கப்பட்டதும் இதன் கீழ்தான்.

304இன் இரண்டாம் பகுதிக்கும் 304ஏவுக்கும் நடுவில் இருந்த கோடு மிக மெல்லியது. ஒருபுறம் 'சாவு நேரக்கூடும் என்று தெரியும்', பத்தாண்டு வரை சிறை. மறுபுறம் 'தெரிந்திருக்க வேண்டும், கவனிக்கவில்லை', இரண்டாண்டு. போபாலில் இந்தக் கோடு எந்தப் பக்கம் போடப்பட்டது என்பதை மறக்கக் கூடாது. 1984 டிசம்பர் 2 நள்ளிரவில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து மெத்தில் ஐசோசயனேட் கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். இந்திய அதிகாரிகள் மீது 304 இரண்டாம் பகுதியின் கீழ்க் குற்றச்சாட்டு வனையப்பட்டது. 1996 செப்டம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் அதை 304ஏவாக இறக்கியது. அன்று இரவு ஆலையை இயக்கினால் சாவு நேரும் என்ற அறிவு அவர்களுக்கு இருந்ததாக அரசுத் தரப்பின் ஆவணங்கள் காட்டவில்லை என்பது காரணம். 2010 ஜூன் 7 அன்று தண்டனை வந்தது: இரண்டாண்டு. தண்டிக்கப்பட்டவர்கள் அன்றே ஜாமீனில் போனார்கள். நாடு கொந்தளித்த பிறகு சி.பி.ஐ. தாக்கல் செய்த மறுசீராய்வு மனுவை 2011 மே மாதம் ஐந்து நீதிபதிகள் அமர்வு, இத்தனை ஆண்டு தாமதத்துக்குக் காரணம் சொல்லப்படவில்லை என்று தள்ளியது. பாதுகாப்புக் கருவிகள் செயலிழந்து கிடந்த ஆலையை நடத்துகிறவருக்கு ஆபத்து தெரியாது என்று ஏற்க, பாதிக்கப்பட்டவர்களுக்கு மட்டுமல்ல, சட்டம் படித்தவர்களுக்கும் மனம் ஒப்பவில்லை.

குடித்துவிட்டு வண்டி ஓட்டும் வழக்குகளில் காற்று வேறு பக்கம் வீசியது. மும்பை கார்ட்டர் ரோட்டில் 2006 நவம்பரில் நடைபாதையில் படுத்திருந்த தொழிலாளர்கள் மீது கார் ஏறி ஏழு பேர் இறந்த வழக்கில், விசாரணை நீதிமன்றம் 304ஏவின் கீழ் ஆறு மாதம் மட்டும் கொடுத்தது. உயர் நீதிமன்றம் 304 இரண்டாம் பகுதிக்கு ஏற்றி மூன்றாண்டு ஆக்கியது. 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. டெல்லி பி.எம்.டபிள்யூ. வழக்கிலும் அதே ஆண்டு அதே பிரிவு. போதையில் வேகமாக ஓட்டுகிறவருக்கு என்ன நேரும் என்று தெரியும் என்பதைக் கடைசியில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. மருத்துவர்களுக்கு மட்டும் 2005ஆம் ஆண்டு ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு ஒரு கவசம் தந்தது: மிக மோசமான கவனக்குறைவாக இருந்தாலொழியக் குற்றவழக்கு இல்லை.

இந்தியச் சட்டம் பிரிட்டிஷ் ஆட்சியோடு பயணப்பட்டபோது கல்பபிள் ஹோமிசைடும் கூடவே போயிற்று. 1871ஆம் ஆண்டு நீரிணைக் குடியேற்றங்களின் சட்டம் வழியாகச் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் சென்றது. இரண்டு நாடுகளிலும் இன்றும் 299, 300 என்ற அதே எண்கள். இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையில் 293, 294. வட நைஜீரியா 1959இல் ஒரு படி மேலே போய், கொலை என்ற சொல்லையே விட்டு 'மரண தண்டனைக்குரிய கல்பபிள் ஹோமிசைட்' என்று எழுதியது. பாகிஸ்தான் 1990இல் இஸ்லாமியக் கருத்துகளின் அடிப்படையில் இந்தப் பகுதி முழுவதையும் மாற்றியது.

ஐரோப்பாவின் லத்தீன் வழி மொழிகளில் போக்கு நேர் எதிர். இத்தாலியில் 'ஒமிசிதியோ கொல்போசோ' என்றால் எண்ணமே இல்லாமல், கவனக்குறைவால் உயிர் போனது. 2012 ஜனவரியில் கோஸ்தா கொன்கோர்தியா சொகுசுக் கப்பல் பாறையில் மோதி 32 பேர் இறந்ததற்கு அதன் கேப்டன் தண்டிக்கப்பட்டது இந்தக் குற்றத்துக்காக. பிரேசிலிலும் அதே பொருள். இந்தியாவில் கொல்லும் எண்ணத்தையும் உள்ளடக்கும் சொல், அங்கே அந்த எண்ணம் இல்லாததைக் குறிக்கிறது. உரோமையின் டோலுஸ், குல்பா பிரிவினையை அவர்கள் அப்படியே காத்துவைத்திருக்கிறார்கள்.

தென்னாப்பிரிக்காவில் உரோமை வழிச் சட்டமும் ஆங்கிலப் பெயரும் சேர்ந்துகொண்டன; அங்கே கல்பபிள் ஹோமிசைட் என்றால் கவனக்குறைவால் நேர்ந்த சாவு. ஓட்ட வீரர் ஆஸ்கர் பிஸ்டோரியஸ் 2013 பிப்ரவரி 14 அதிகாலையில் பூட்டிய கழிவறைக் கதவுக்குள் நான்கு முறை சுட்டார். உள்ளே இருந்த அவருடைய காதலி ரீவா ஸ்டீன்காம்ப் இறந்தார். திருடன் என்று நினைத்தேன் என்றார் அவர். நீதிபதி தொகோசிலே மசிபா 2014இல் அதைக் கல்பபிள் ஹோமிசைட் என்று தீர்த்து ஐந்தாண்டு கொடுத்தார். 2015 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் திருத்தியது: உள்ளே இருந்தது யாராயிருந்தாலும், சிறிய அறைக்குள் சுட்டால் சாவு நேரலாம் என்று தெரிந்தே சுட்டார்; ஆகவே கொலை. தண்டனை பின்னர் 13 ஆண்டு 5 மாதமாக உயர்ந்தது. ஒரு நூற்றாண்டுக்கு முன் அல்வா வழக்கில் சென்னை நீதிபதிகள் இருவர் சொன்னதன் சாயல் இதில் உண்டு.

அமெரிக்காவில் இந்தச் சொல் குற்றத்தின் பெயராக இல்லாமல் குற்றத்தின் அளவையாக வேலை செய்கிறது. 1962ஆம் ஆண்டு மாதிரித் தண்டனைச் சட்டம் மனநிலையை நோக்கம், அறிவு, அசட்டைத் துணிச்சல், கவனக்குறைவு என்று நான்கு படிகளாக வகுத்து, அவற்றைக் கல்பபிலிட்டியின் வகைகள் என்றது. அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கு மரண தண்டனை கூடாது என்ற 2002ஆம் ஆண்டு அட்கின்ஸ் தீர்ப்பும், 18 வயதுக்குள் குற்றம் செய்தவர்களுக்குக் கூடாது என்ற 2005ஆம் ஆண்டு ரோப்பர் தீர்ப்பும் நின்றது, இவர்களின் கல்பபிலிட்டி குறைவு என்ற அடிப்படையில்தான்.

இந்தியாவில் 1860ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தை 2024 ஜூலை 1 அன்று பாரதிய நியாய சன்ஹிதா பிடித்தது. 299 இப்போது 100; 300 இப்போது 101; 304 இப்போது 105. மெக்காலேயின் குழியும் கோழியும் புதுச் சட்டத்திலும் இருக்கின்றன. பழைய 304ஏ, 106 ஆகியிருக்கிறது. உச்சபட்சச் சிறை இரண்டாண்டிலிருந்து ஐந்தாண்டாகக் கூடியது, பதிவுபெற்ற மருத்துவர்களுக்கு மட்டும் இரண்டாண்டு அப்படியே நின்றது. மோதிவிட்டு, காவல்துறைக்கோ மாஜிஸ்திரேட்டுக்கோ தெரிவிக்காமல் ஓடிவிடும் ஓட்டுநருக்குப் பத்தாண்டு வரை என்று அதன் இரண்டாம் உட்பிரிவு சொல்கிறது. நின்றால் கூட்டம் அடித்தே கொன்றுவிடும், ஓடினால் பத்தாண்டா என்று கேட்டு லாரி ஓட்டுநர்கள் 2024 ஜனவரியில் வண்டிகளை நிறுத்தினார்கள். சட்டம் நடைமுறைக்கு வந்த நாளில் அந்த ஓர் உட்பிரிவை மட்டும் அரசு நிறுத்திவைத்தது.